உங்களுக்காகவா, உங்களாலா? – இரண்டு ஸ்பானியச் சொற்களின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் நால்வர் சேர்ந்து ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கினோம். செர்வாந்தெஸை அவருடைய மொழியிலேயே வாசித்துவிட வேண்டும் என்ற பேராசையே காரணம். ஆசைக்கு ஏற்ற ஆசானும் வாய்த்தார். ஸ்பெயினின் வடபகுதியில் ஒரு சிற்றூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் அவர். எங்கள் பயிற்சிகளைத் திருத்திக் கடிதம் வழியே அனுப்புவார். ஒருமுறை, தம் அலமாரியிலிருந்த பழைய அகராதி ஒன்றையே எங்களுக்கு அனுப்பிவைத்தார்.

அந்த அகராதியின் துணையோடு சிறுகதை ஒன்றைத் தமிழாக்கி முடித்தபோது, அதை அவருக்கே காணிக்கையாக்குவது என்று முடிவு செய்தோம். முகப்பில் ஸ்பானிய மொழியில் ஒரு வரி. 'உங்களுக்காகச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு' என்பது நாங்கள் சொல்ல நினைத்தது. கூடவே ஒரு கடிதம். அதன் முதல் வரியில் 'அகராதிக்காக நன்றி' என்று எழுதினோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. 'நான் தமிழ் அறியேன். ஆகவே இம்மொழிபெயர்ப்பை நான் செய்திருக்க வழியில்லை' என்று தொடங்கியிருந்தார். முதலில் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே படித்தபோதுதான் உண்மை உறைத்தது. 'உங்களுக்காக' என்று நாங்கள் எழுதியது அவர் மொழியில் 'உங்களால்' என்றாகியிருந்தது! 'பாரா' வர வேண்டிய இடத்தில் 'பொர்' எழுதியிருந்தோம். நன்றி சொன்ன வரியிலோ 'பொர்' வர வேண்டிய இடத்தில் 'பாரா'. இரண்டே இடங்கள், இரண்டிலும் மாற்றி எழுதியிருந்தோம்.

ஸ்பானிய மொழி கற்கும் எவரும் கடந்தே ஆக வேண்டிய மடை இது. எந்தப் பாடநூலைப் பிரித்தாலும் 'பொர்' வரும் இடங்கள் இத்தனை, 'பாரா' வரும் இடங்கள் இத்தனை என்றொரு பட்டியல் இருக்கும். நாங்களும் மனப்பாடம் செய்திருந்தோம். பயனில்லை. பட்டியல் கைவிட்ட இடத்தில் வரலாறு கைகொடுத்தது. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நம் 'க்காக' செய்யும் குழப்பம்

முதலில் பிழையின் ஊற்றுக்கண் எங்கே என்று பார்ப்போம். 'பணத்துக்காகப் பொய் சொன்னான்', 'குழந்தைக்காகப் பால் வாங்கினான்', 'நண்பனுக்காக வாதாடினான்', 'நாளைக்காக எடுத்துவைத்தான்'. தமிழில் நான்கு தொடர்களுக்கும் ஒரே ஈறு போதும். ஸ்பானியர் இந்நான்கையும் இரு கூறாகப் பிரிக்கிறார். பணத்துக்கும் நண்பனுக்கும் 'பொர்'. குழந்தைக்கும் நாளைக்கும் 'பாரா'.

வெறும் 'கு' உருபும் இப்படியே பிளவுபடுகிறது. 'நூறு ரூபாய்க்கு வாங்கினேன்' என்பதில் வரும் 'கு' ஸ்பானியத்தில் 'பொர்' ஆகும். 'சென்னைக்குப் புறப்பட்டேன்' என்பதில் வரும் அதே 'கு' பெரும்பாலும் 'பாரா' ஆகும். போதாக்குறைக்கு, நம் மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபும், 'வழியாக', 'பதிலாக' போன்ற சொல்லுருபுகளும் 'பொர்' என்ற அந்த ஒரு குடைக்குள்ளேயே வந்து ஒதுங்குகின்றன. 'உங்களுக்காக' என்பது 'உங்களால்' ஆகிவிட்ட விபத்தின் இரகசியம் இதுதான்.

கேள்விச் சொற்களிலும் இதே நிலைதான். 'பொர் கே' என்றால் என்ன காரணத்தால். 'பாரா கே' என்றால் என்ன நோக்கத்துக்காக. தமிழிலும் 'ஏன்', 'எதற்கு' என்று இரு சொற்கள் உண்டு. ஆனால் 'எதற்கு அழுகிறாய்?' என்று கேட்கும்போது நாம் காரணத்தைக் கேட்கிறோமா, நோக்கத்தைக் கேட்கிறோமா? பெரும்பாலும் காரணத்தைத்தான். இரண்டையும் பிரிக்கும் வேலி தமிழில் தாழ்வானது, ஸ்பானியத்தில் உயரமானது.

வேற்றுமைகள் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகுவது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலுக்கு அடுத்து வேற்றுமை மயங்கியல் என்று தனி இயலே வகுத்திருக்கிறது. அந்நூல் 'கு' உருபுக்கு அடுக்கும் பொருள்களில் 'அதன் பொருட்டாதல்' உண்டு. நட்பும் பகையும் காதலும் உண்டு. ஓர் உருபு பல பொருளைச் சுமப்பது மொழியின் இயல்பு. எந்த உருபு எந்தச் சுமையை, எப்போது, எப்படித் தூக்கிக்கொண்டது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

இரண்டு ஒன்றான கதை

ஸ்பானியத்தின் தாய்மொழியான இலத்தீனில் 'ப்ரோ', 'பெர்' என்று இரு முன்னிடைச்சொற்கள் இருந்தன. நம் உருபுகள் பெயருக்குப் பின்னே வருவதுபோல, இவை பெயருக்கு முன்னே வருபவை.

'ப்ரோ' என்பதன் அடிப்படைப் பொருள் 'முன்னால்'. ஒருவனுக்கு முன்னால் நிற்பவன் அவனைக் காக்கிறான்; ஆகவே 'சார்பாக' என்ற பொருள் கிளைத்தது. சார்பாக நிற்பவன் அவன் இடத்தில் நிற்கிறான், ஆகவே 'பதிலாக'. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைக் கொடுப்பது விலை. ஆகவே 'இன்ன விலைக்கு'.

'பெர்' என்பதன் அடிப்படைப் பொருள் 'ஊடாக'. காட்டின் ஊடாக, ஊரின் ஊடாக. ஊடாகச் செல்வது வழி. வழியாக அமைவது கருவி. கருவியிலிருந்து காரணம் ஒரு எட்டுத் தூரந்தான்.

பொருளில் இப்படித் தனித்தனியே நின்ற இவ்விரண்டும் ஒலியில் மிக நெருங்கியவை. உரோமப் பேரரசு சிதைந்து, அதன் மாநிலங்களில் பேச்சு மொழிகள் தத்தம் வழியே வளர்ந்தபோது ஒவ்வொரு நிலமும் ஒவ்வொரு முடிவெடுத்தது. பிரெஞ்சு மொழி இரண்டையும் காப்பாற்றிக்கொண்டது: 'ப்ரோ' அங்கே 'பூர்' ஆயிற்று, 'பெர்' அங்கே 'பார்' ஆயிற்று. இத்தாலியன் 'பெர்' ஒன்றையே வைத்துக்கொண்டு எல்லாப் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றியது. கஸ்தீல் நாட்டில், அதாவது பின்னாளில் ஸ்பானியம் என்று நாம் அழைக்கும் மொழி உருவான நிலத்தில், இரண்டும் 'பொர்' என்ற ஒரே சொல்லாக உருகிப்போயின.

ஆகவே, 'பொர்' எனும் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள் என்று மலைப்பவர்கள் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அது ஒரு சொல்லன்று. ஒரே சட்டைக்குள் நிற்கும் இரண்டு சொற்கள். சார்பு, பதில், விலை ஆகியவை 'ப்ரோ' விட்டுச்சென்ற சொத்து. வழி, கருவி, காரணம், செய்தவர் ஆகியவை 'பெர்' விட்டுச்சென்றவை.

ஒன்று மீண்டும் இரண்டானது

இரண்டின் சுமையையும் சுமந்த 'பொர்' களைத்துப்போயிருக்க வேண்டும். போகும் வழியையும் போய்ச் சேரும் ஊரையும் ஒரே சொல்லால் சுட்டினால் கேட்பவர் குழம்பமாட்டாரா? கஸ்தீல் மக்கள் எளிய தீர்வொன்றைக் கண்டனர். இலத்தீனில் திசையைச் சுட்டிய 'அத்' என்ற சொல் அவர்கள் வாயில் 'அ' என்று தேய்ந்திருந்தது. அதை எடுத்து 'பொர்' என்பதன் வாலில் ஒட்டினர். 'பொர்' + 'அ' = 'பொரா'.

இந்தப் 'பொரா'வைக் கண்ணால் காண வேண்டுமானால் மாட்ரிட் தேசிய நூலகத்தில் இருக்கும் ஒரு கையெழுத்துப் படியைத்தான் நாட வேண்டும். 'மியோ சித்' காவியத்தின் இன்று எஞ்சியிருக்கும் ஒரே பழம்படி அது. 1099இல் வலென்சியாவில் மறைந்த ரோட்ரிகோ தியாஸ் என்ற வீரனைப் பாடுவது. மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட அடிகள் கொண்டது. அதன் இறுதியில் பெர் அப்பாத் என்பவரின் பெயரும், இன்றைய கணக்கில் 1207ஐக் குறிக்கும் ஆண்டும் எழுதப்பட்டுள்ளன. நமக்குக் கிடைத்துள்ள படி 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கருத்து. தனியார் கைகளில் இருந்த இவ்வரிய படியை 1960இல் ஓர் அறக்கட்டளை விலைகொடுத்து வாங்கி நாட்டுக்கு வழங்கியது.

அரசனால் நாடு கடத்தப்பட்ட வீரன் ஊர் ஊராகச் செல்லும் கதை அது. ஓர் ஊரை நோக்கிக் குதிரைகள் புறப்படும் இடங்களில் 'பொரா' வந்து நிற்பதைக் காணலாம். 13ஆம் நூற்றாண்டில், 1252 முதல் 1284 வரை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்ஸோ மன்னர், சட்டம், வரலாறு, வானியல் அனைத்தையும் இலத்தீனை விடுத்துக் கஸ்தீலிய மொழியில் எழுதச் செய்தார். அவ்வுரைநடையிலும் 'பொரா' உலவுகிறது. அடுத்த நூற்றாண்டில் 'பாரா' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னால் நின்ற 'அ' முன்னால் நின்ற 'ஒ'வையும் தன்னைப்போல் ஆக்கிக்கொண்டது என்று விளக்குவர். இன்று ஸ்பானியர் பேச்சில் அதையும் சுருக்கி வெறும் 'பா' என்று விரைந்து சொல்வதைக் கேட்கலாம். நீட்டியதும் மக்களே, குறுக்கியதும் மக்களே!

இவ்விடத்தில் நாங்கள் சற்று நின்றுவிட்டோம். நம்முடைய 'க்காக' எப்படி உருவானது? 'கு' உருபோடு 'ஆக' சேர்ந்துதானே! பழைய உருபின் பொருள் விரிந்து தளர்ந்தபோது, அதைக் கூர்மையாக்க இன்னொரு சொல்லை வாலில் ஒட்டுவது என்ற அதே உத்தி. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள், ஒரே தேவைக்கு ஒரே வகை விடை கண்டிருக்கின்றன. வேறுபாடு என்னவென்றால், அவர்கள் ஒட்டிய 'அ' திசை காட்டுவது. ஆகவே 'பாரா' முன்னோக்கியே பார்க்கிறது. நாம் ஒட்டிய 'ஆக'வுக்கு அப்படியொரு திசையில்லை. ஆகவே 'க்காக' முன்னும் பார்க்கும், பின்னும் பார்க்கும்.

வேலி உயர்ந்த காலம்

புதுச்சொல் பிறந்த அன்றே பழஞ்சொல் இடத்தைக் காலி செய்துவிடவில்லை. பல நூற்றாண்டுகள் இரண்டும் ஒரே முற்றத்தில் புழங்கின. செர்வாந்தெஸின் 'டான் குயிக்ஸாட்' முதற்பகுதி 1605இல் வெளிவந்தது. அக்கால உரைநடையில், நோக்கத்தைச் சொல்லும் இடங்களில் இன்றைய பாடநூல் 'பாரா' கேட்கும். எழுத்தாளர்களோ தயங்காமல் 'பொர்' எழுதிச் சென்றார்கள். அதன் எச்சம் இன்றும் உண்டு. ஒன்றை அடையப் போராடுவதையும் முயல்வதையும் குறிக்கும் வினைகளுக்குப் பின், நோக்கமே ஆனாலும், 'பொர்' வருவது இயல்பு. எனவே 'நோக்கம் என்றால் பாரா' என்ற சூத்திரம் முழு உண்மையன்று.

அண்டை வீட்டில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. கத்தலான் மொழியில் 'பெர்', 'பெர் அ' என்ற இணை உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொம்பெவு ஃபாப்ரா வகுத்த விதியை, வினைக்கு முன் எது வரும் என்ற ஒரு புள்ளியில், பின்வந்த அறிஞர்கள் கேள்விக்குள்ளாக்கினர். சொந்த மொழிக்காரர்களே வாதிடும் இடத்தில் நாம் தடுக்கி விழுந்தால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நிற்க. ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கணம் கண்டவர் அந்தோனியோ தெ நெப்ரிஹா. கொலம்பஸ் கடலில் இருந்த 1492 ஆகஸ்டு மாதத்தில், ஸலமன்காவில் அந்நூல் அச்சாகி வெளிவந்தது. அதன் ஐந்து பகுதிகளில் மூன்றாவதில் முன்னிடைச்சொற்கள் இடம்பெறுகின்றன. எங்களை ஈர்த்தது ஐந்தாம் பகுதி. அது வேற்றுமொழியாளர் இம்மொழியைக் கற்பதற்கென்றே எழுதப்பட்டது. ஆக, எங்களைப் போன்றவர்களுக்கான பாடநூல் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

அதன்பின் 1713இல் ஸ்பானிய அரசக் கழகம் நிறுவப்பட்டது. 1771இல் தன் முதல் இலக்கண நூலை வெளியிட்டது. இவற்றை விரைந்து கடந்து, எங்கள் நெஞ்சில் தங்கிவிட்ட ஒரு மனிதரிடம் செல்வோம்.

ஒரு வாழ்நாள் போதாத வேலை

ரூஃபீனோ ஹொஸே குவேர்வோ 1844இல் கொலம்பியாவின் பொகோத்தா நகரில் பிறந்தவர். தமையன் ஆங்கெலுடன் சேர்ந்து பீர் வடிக்கும் ஆலை நடத்திப் பொருள் சேர்த்தார். 1882இல் சகோதரர் இருவரும் பாரிஸில் குடியேறினர். அந்தப் பணத்தைக் கொண்டு அவர் செய்யத் துணிந்தது என்ன தெரியுமா? ஸ்பானிய மொழியின் சொற்கள் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன, எந்த வினை எந்த முன்னிடைச்சொல்லை வேண்டி நிற்கும் என்பதற்கென்றே ஓர் அகராதி! நூற்றாண்டுவாரியாக எழுத்தாளர்களின் எடுத்துக்காட்டுகளைத் திரட்டி ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் அவர் எழுதலானார்.

முதல் தொகுதி 1886இல் வந்தது; இரண்டாவது 1893இல். அவ்விரண்டும் சேர்ந்து நான்காம் எழுத்தான 'டி' வரை எட்டின. அதற்குமேல் ஒரு தொகுதியும் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1896இல் தமையன் இறந்தார். 1899இல், இலத்தீன் சிதறியதுபோல ஸ்பானியமும் ஒருநாள் பல மொழிகளாகச் சிதறக்கூடும் என்ற அச்சத்தை அவர் வெளிப்படையாக எழுதினார். ஸ்பெயினின் நாவலாசிரியர் ஹுவான் வலேராவுடன் அதனால் கடும் விவாதம் மூண்டது. 'ப்ரோ'வும் 'பெர்'ரும் ஊருக்கு ஊர் வேறு வேறாகிப்போன கதையை நாம் மேலே கண்டோம். சொற்களின் மூட்டுகளை வாழ்நாளெல்லாம் உற்று நோக்கியவருக்கு அந்த அச்சம் வந்ததில் வியப்பில்லை.

1911இல் பாரிஸிலேயே குவேர்வோ மறைந்தார். 'பொர்'ரும் 'பாரா'வும் தொடங்கும் எழுத்தின் தொகுதியை அவர் அச்சில் காணவேயில்லை. 1942இல் பொகோத்தாவில் அவர் பெயரையும் தாங்கி 'காரோ – குவேர்வோ நிறுவனம்' தோன்றி, விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தது. எட்டுத் தொகுதிகளாக அகராதி முற்றுப்பெற்ற ஆண்டு 1994. முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் இடையே 108 ஆண்டுகள்!

யாத்திரிகன் சொல்லும் விடை

சரி, தேர்ந்தெடுப்பது எப்படி? எங்கள் ஆசிரியர் தம் கடிதத்தில் பட்டியல் எதுவும் தரவில்லை. ஒரு மனிதனைக் காட்டினார். ஸ்பெயினின் வடக்கே, பூர்கோஸ், லெயோன் நகரங்கள் வழியாகச் சாந்தியாகோ பேராலயத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகன் அவன்.

அவன் பூர்கோஸின் ஊடாக நடக்கிறான்: 'பொர்'. சாந்தியாகோவை நோக்கிப் புறப்பட்டான்: 'பாரா'. எப்போதோ செய்துகொண்ட நேர்த்திக்கடனால் நடக்கிறான்: 'பொர்'. சென்று மன்றாடுவதற்காக நடக்கிறான்: 'பாரா'. நடக்க இயலாத தாய்க்குப் பதிலாக நடக்கிறான்: 'பொர்'. அவளுக்குக் கொடுக்க ஒரு சிப்பியை வாங்கிக்கொள்கிறான்: 'பாரா'. அச்சிப்பிக்கு இரண்டு காசு கொடுத்தான்: மீண்டும் 'பொர்'.

காலடியில் இருப்பதும் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் 'பொர்'. கண்ணுக்கு எதிரே இருப்பது 'பாரா'. எல்லா வழக்குகளும் இதில் அடங்கிவிடும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். 'காலை வேளையில்' என்பதற்குப் 'பொர்' வருவதை இதில் அடக்கலாம். காலையின் ஊடாக என்பதே அதன் உட்பொருள். 'வெளிநாட்டவருக்கு இவர் நன்றாகப் பேசுகிறார்' என்னும் ஒப்பீட்டில் 'பாரா' வருவதை இதில் அடக்குவது கடினம். அதைப் பழகித்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டும் பிழையின்றி வரக்கூடிய இடங்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 'அண்ணனுக்காக வேலை செய்கிறேன்' என்பதில் 'பாரா' வைத்தால் அண்ணன் முதலாளி. 'பொர்' வைத்தால் அண்ணனுக்குப் பதிலாகவோ அவன் நலத்தின் பொருட்டோ உழைக்கிறேன். இலக்கணம் இரண்டையும் ஏற்கும். எதைச் சொல்ல வந்தோம் என்பது நமக்கு மட்டுமே தெரியும்.

நன்றி சொன்ன வரியில் எங்கள் பிழையும் இப்போது விளங்கியது. நன்றி என்பது நடந்து முடிந்த ஒன்றைத் திரும்பிப் பார்ப்பது, ஆகவே 'பொர்'. 'பூர்' என்று நன்றி சொல்லிப் பழகிய பிரெஞ்சுக்காரரும், அதைப் 'பாரா'வாக மாற்றி எங்களைப் போலவே இங்கு வழுக்குவார் என்று ஆசிரியர் ஆறுதல் எழுதியிருந்தார்.

மறுகரையிலிருந்து ஒருவர்

முடிக்கும் முன் இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். ஸ்பானியத்தின் உடன்பிறப்பான போர்த்துக்கீசிய மொழியிலும் இதே இணை உண்டு. அங்கே 'பாரா'வின் பழைய வடிவம் 'பெரா'. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட அண்டிரிக் அடிகளார் 1546இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தமிழ் கற்றார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்தது என்பதை வாசகர்கள் அறிவர். அதற்கு முன்பே, 1549 அளவில், போர்த்துக்கீசிய மொழியில் அவர் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். லிஸ்பனில் உறங்கிய அக்கையெழுத்துப் படி 2013இல்தான் ஆங்கிலத்தில் முழுமையாக வெளிவந்தது.

பெயருக்கு முன்னே சொல் வைத்துப் பழகியவர், பெயருக்குப் பின்னே ஒட்டும் நம் உருபுகளை எதிர்கொண்டார். தாய்மொழியில் இரண்டாகப் பிரித்துச் சொன்னதை ஒரே 'க்காக'வில் அடக்கவும், ஒன்றாகச் சொன்னதை 'கு', 'ஆல்' என்று பிரிக்கவும் வேண்டியிருந்தது. நாங்கள் நின்று தடுமாறிய அதே வாசலின் மறுபுறத்தில், நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், அவரும் நின்றிருக்கிறார். அவருக்கு அகராதி அனுப்பி உதவ ஆளில்லை.

எங்களுக்கு இருந்தார். காணிக்கை வரியைத் திருத்தி, 'பொர்' நீக்கிப் 'பாரா' இட்டு, புதிய முகப்போடு படியை அனுப்பிவைத்தோம். அதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. சில மாதங்கள் கழித்து அவர் மகளிடமிருந்து வந்தது. எங்கள் படி சேர்வதற்குப் பத்து நாள் முன்பே அவர் இறந்துவிட்டிருந்தார். இப்போது அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரு விவாதம் எழும். அம்மொழிபெயர்ப்பு அவருக்காகச் செய்யப்பட்டது என்பது சரி. ஆனால் எங்கள் ஸ்பானியத்தில் அவர் கை படாத வரி ஏது? அவரால் செய்யப்பட்டது என்று எழுதிய முதல் வரி முற்றிலும் பிழைதானா?